‘அன்னிக்கு நான் மட்டும்...’



தம்பியைத் தற்கொலையில் பறிகொடுத்த ஓர் அக்காள், சிந்தாதிரிப்பேட்டையில் நான் ஜெபிக்கப் போனபோது, “அன்னிக்கு நான் போனை எடுத்திருந்தா அவன் இருந்திருப்பானே பாஸ்டர்” என்று கதறினார்கள்.

யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். லாசரு மரித்தபோது மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னது இதே ‘இருந்திருந்தால்’தான். அவர் கடிந்துகொண்டாரா? இல்லை, கூடவே கண்ணீர் விட்டார்.

எலியா தீர்க்கதரிசியே சூரைச்செடியின் கீழ் சாக விரும்பினார். தேவன் திட்டவில்லை, தூங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, சிகிச்சை கொடுக்கும்படி 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சொல்லுகிறது.

சகோதரியே, இன்றைக்குத் தெரிகிறது அன்றைக்கு உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடியிருப்பாயே! அந்தப் பாரத்தை இயேசுவின் பாதத்தில் இறக்கி வை.

விசுவாசிகளே, அந்த வீட்டில் போய் “ஏன், எப்படி” என்று துருவாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், அந்தத் தம்பியின் பேரைச் சொல்லிப் பேசுங்கள்.

உனக்கும் சாகத் தோன்றுகிறதா? ஒளிக்காதே. சென்னையில் 1986 முதல் ‘ஸ்நேகா’ இருக்கிறது. 14416-க்கு போன் செய்து தமிழிலேயே பேசலாம். ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும். கண்ணீர் விட்ட இயேசு உன் கண்ணீரைத் துடைப்பார். ஆமென்.