படம் எடுத்தாச்சா?

தூக்கம் வராத இரவுகளில் நான் சிகாகோவின் பழைய கட்டடப் படங்களைப் பார்ப்பேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. வீடுகள், தேவாலயங்கள், அலுவலகக் கோபுரங்கள், தியேட்டர்கள். 1933-ல் தொடங்கிய ஒரு அரசுத் திட்டம், நாட்டின் வரலாற்றுக் கட்டடங்களைப் படமாகவும் அளவு வரைபடமாகவும் பதிந்துவைத்தது. யாரும் தரவிறக்கலாம், காசு கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் ஒன்று உறைக்கும். இவற்றில் பலவும் இடிப்பதற்கு முன்னால் எடுத்த கடைசிப் படங்கள்.

அந்தத் தொகுப்பில் ரிச்சர்ட் நிக்கல் எடுத்தவையும் உண்டு. சிகாகோக்காரர், 1928-ல் பிறந்தவர். புகைப்படக்கலை மாணவராக இருந்தபோது, கட்டடக்கலைஞர் லூயி சலிவனின் கட்டடங்களைப் படமெடுக்கும் வகுப்புப் பணியில் சேர்ந்தார். பிறகு அதிலிருந்து அவர் வெளியே வரவேயில்லை. ஏனென்றால் அவர் ஒவ்வொன்றாகப் படமெடுக்க எடுக்க, நகரம் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டிருந்தது.

அட்லரும் சலிவனும் கட்டி 1892-ல் திறந்த கேரிக் தியேட்டர் கட்டடத்துக்கு ஆபத்து வந்தபோது நிக்கல் வெறும் கேமராவோடு நிற்கவில்லை. 1960-ல் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. தோற்றார்கள். 1961-ல் கட்டடம் போய், அந்த இடத்தில் கார் நிறுத்தும் கட்டடம் வந்தது. இடிப்பு நடக்கும்போதே உள்ளே புகுந்து, சுவரின் பூவேலை அலங்காரங்களைக் கழற்றிச் சுமந்துகொண்டு வந்தார். அடுத்தது 1894-ல் கட்டிய பழைய பங்குச்சந்தைக் கட்டடம். 1972 ஏப்ரல் 13 அன்று, பாதி இடிந்திருந்த அந்தக் கட்டடத்துக்குள் போனவர் திரும்பவில்லை. இடிபாடுகளுக்குள்ளிருந்து உடலை எடுத்தது மே 9 அன்று. வயது 43.

என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி இதுதான்: படம் எடுப்பது சாட்சியமா, சமாதானமா?

இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் ஒரு திட்டம் வரலாற்றுக் கட்டடத்தைப் பாதிக்குமா என்று ஆராய வேண்டும். பாதிப்பைத் தவிர்க்க முடியாது என்றால் ஈடுகட்ட வழி உண்டா என்று கலந்து பேச வேண்டும். வழக்கமாகச் செய்வது, முறையாகப் படமெடுத்துப் பதிந்துவைப்பது. அதாவது ‘படம் எடுத்தாச்சா? சரி, இடிச்சுக்கோ.’ காப்பாற்றுவதற்காகப் பிறந்த வேலையே இடிப்பதற்கான கையெழுத்தாகவும் ஆகிவிடுகிறது.

இதை நான் எள்ளி நகையாட முடியாது. என் பிழைப்பிலும் இதைச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பழைய கிடங்கு மென்பொருளை மூடிவிட்டுப் புதியதற்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. அதில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெண்மணி, கடைசி வாரம் அழைப்பில் வந்து, இதை மூடத்தான் வேண்டுமா என்று கேட்டார். நான் உற்சாகமாக, “கவலையே படாதீங்க, எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுத்தாச்சு, ஒரு பதிவுகூடப் போகாது” என்றேன். சற்று அமைதி. பிறகு சொன்னார்: “நான் தரவைப் பற்றிக் கேட்கவில்லையே.” அந்தத் திரையில் அவருடைய விரல்களுக்கு இருந்த வேகம், புதிதாக வருபவர்கள் அவரிடம் வந்து கேட்கும் பழக்கம், இதற்கெல்லாம் பேக்கப் கிடையாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. பேக்கப் இருந்ததால் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. ஒரு நகரம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்க முடியாது. 1871 தீயில் பழைய சிகாகோவின் மையம் அழிந்திராவிட்டால் சலிவனுக்கு அங்கே அவ்வளவு வேலையே இருந்திருக்காது. படங்களால் பயனும் உண்டு. பங்குச்சந்தையின் வணிகக் கூடத்தை, காப்பாற்றிய துண்டுகளையும் படங்களையும் வைத்து 1977-ல் சிகாகோ கலைக் கழகத்துக்குள் திரும்ப அமைத்தார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். அழகான கூடம். பங்கு வாங்க அங்கே யாரும் வருவதில்லை, ஆனாலும் இல்லாததற்கு இது மேல்.

ஆனால் மெக்கா குடியிருப்பை எந்த மியூசியத்துக்குள் அமைப்பது? நகரின் தெற்கில் 1892-ல் கட்டியது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே இரும்புக் கைப்பிடி வைத்த நடைமாடங்கள். பிற்பாடு நூற்றுக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அதில் நெருக்கியடித்து வாழ்ந்தன. அருகிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரி விரிவாவதற்காக அதை இடிக்க நினைத்தது. குடியிருந்தவர்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். 1951-ல் ‘லைஃப்’ பத்திரிகையில் படங்கள் வந்தன. 1952-ல் இடித்தாகிவிட்டது. அந்த இடத்தில் 1956-ல் மீஸ் வான் டெர் ரோவின் கிரவுன் ஹால் வந்தது. இன்று அதுவே பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். நிக்கல் படித்த வடிவமைப்புப் பள்ளியும் அதே கல்லூரியைச் சேர்ந்ததுதான்.

அந்த நடைமாடப் படங்களில் மனிதர்கள் தெரிகிறார்கள். கட்டடத்தின் வடிவத்தைப் படம் பிடித்துவைத்துவிடும். வாடகை ரசீதையும், பக்கத்து வீட்டுக்காரரையும், நடந்துபோகிற தூரத்திலிருந்த வேலையையும் அது எப்படிப் பிடிக்கும்? சலிவனின் அலங்காரத்தைக் கழற்றி எடுத்துப்போகலாம், அக்கம்பக்கத்தைக் கழற்றி எடுத்துப்போக முடியாது.

அதனால் படமே எடுக்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. எடுக்கத்தான் வேண்டும். படம் எடுத்த பிறகு நம் கடமை குறைந்ததா, கூடியதா என்பதுதான் எனக்கு உரைகல். நிக்கலுக்குக் கூடிக்கொண்டே போனது. அவரைப்போல உயிரைக் கொடு என்று யாரிடமும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் படத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்காமல் இருந்தார் பாருங்கள், அதைக் கேட்கலாம்.

அந்தப் பெண்மணிக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். இப்போதெல்லாம் ஒரு பழைய மென்பொருளை மூடும் கூட்டத்தில் யாராவது ‘பேக்கப் எடுத்தாச்சா?’ என்று கேட்டால், எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டு, இதை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள், அவர்களிடம் யார் பேசினீர்கள் என்று கேட்கிறேன். கூட்டம் கொஞ்சம் நீள்கிறது. சிலருக்கு எரிச்சல். நீளட்டும்.