நீர் வற்றிய நகரும் நாடக மேடையும்

தாளபுடன் என்னும் கூத்தர் தலைவன் ஒருநாள் பகவன் புத்தரை அணுகி வினா ஒன்று எழுப்பியதாகச் சம்யுத்த நிகாயம் கூறும். மேடையேறி மெய்யும் பொய்யும் கலந்து நடித்து மக்களை மகிழ்விப்பவன், இறந்தபின் நகைக்கும் தேவர்களின் உலகிற் பிறப்பான் என்று கூத்தர் குலத்து முன்னோர் சொல்லி வந்தனர். அது மெய்தானா என்று அவன் கேட்டான். பகவன் இருமுறை விடை கூற மறுத்தார். மூன்றாம் முறையும் அவன் கேட்கவே, ஆசையும் வெறுப்பும் மயக்கமும் நீங்காத மக்களை அவற்றிலேயே மேலும் ஆழ்த்துபவனுக்கு நற்கதி இல்லை என்று எடுத்துரைத்தார். கூத்தன் அழுதான். அந்த விடை கசந்ததற்காக அழவில்லை. இத்தனை காலமும் முன்னோர் தன்னை ஏமாற்றினரே என்றுதான் அழுதான். பின்னர் அவன் துறவு பூண்டு அருகநிலை எய்தினான் என்பது நம்மவர் பலரும் அறிந்த செய்தி.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டிப் பாட்டும் கூத்தும் தம்மத்துக்குப் பகை எனச் சாதிப்போர் உண்டு. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. விழிப்பற்றவனை மேலும் விழிப்பற்றவனாக்கும் தொழிலையே பகவன் கடிந்தார். ஆகவே எந்த நாடகத்தைப் பற்றியும் நாம் கேட்கத்தக்க வினா ஒன்றே: அரங்கைவிட்டு வெளியேறும் மனிதன், உள்ளே புகுந்தபோது இருந்ததைவிடச் சற்றேனும் விழித்திருக்கிறானா? இவ்வினாவை இந்நாளில் தோன்றியுள்ள ஒரு நாடக வகையின்மீது வைத்துப் பார்க்க விரும்புகின்றோம். பருவநிலை மாறி, மழை பிழைத்து, வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் அத்துன்பத்தைப் பாட்டாலும் இசை நாடகத்தாலும் எடுத்துரைக்கும் முயற்சியையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

இம்முயற்சிக்கு இயல்பாகவே ஓர் இடர்ப்பாடு உண்டு. தொழிற்சாலைகள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமிலவாயு இருந்தது. 1958 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 315. இன்றோ 420ஐக் கடந்துவிட்டது. அதுவரை அளக்கப்பட்ட ஆண்டுகளுள் 2024 ஆம் ஆண்டே வெப்பம் மிக்கது. இவை உலகையே உலுக்கவேண்டிய எண்கள். ஆயினும் எண்ணை மேடையேற்றுவது எங்ஙனம்? நம் தெருக்கூத்தில் துரியோதனன் வந்து நின்றால் போதும், கதை தொடங்கிவிடும். கரியமிலவாயுவுக்கு முகமும் இல்லை, முறுக்கிவிட மீசையும் இல்லை. அதனைக் காற்றிற் கலந்தவருள் அரங்கில் அமர்ந்து கைதட்டுவோரும் அடங்குவர்.

அமெரிக்க நாட்டில் 'தி கிரேட் இம்மென்சிட்டி' என்றோர் இசை நாடகம் 2012 ஆம் ஆண்டில் கான்சஸ் சிட்டியிலும் 2014 ஆம் ஆண்டில் நியூயார்க்கிலும் நடிக்கப்பெற்றது. அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளை அதற்கு ஏறத்தாழ 7 லட்சம் டாலர் நல்கியது. மக்கள் வரிப்பணத்தைப் பாட்டுக்குக் கொடுப்பதா என்று சட்டமன்றத்தார் சிலர் குறைகூறினர். அக்குறையை நாம் பொருட்படுத்தவில்லை. வரிப்பணம் அதனினும் தீய வழிகளிற் செல்வதை எல்லோரும் அறிவர். நம் ஐயம் வேறு. உருகும் பனியைப் பற்றிய பாட்டைக் கேட்டு நாமும் உருகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது, ஏதோ கடமை செய்து முடித்தவர்போல மனம் அமைதி கொள்ளுமாயின், அதுவும் தாளபுடன் காலத்து மயக்கத்தின் ஒரு வகையே அன்றோ? துயரத்தைச் சுவைத்தலும் ஒரு சுவையே.

இவ்வகையில் நம்மை நெடிது சிந்திக்க வைத்தது வேறொரு நாடகம். அதன் பெயர் 'யூரின்டவுன்'. தமிழிற் சொன்னால் சிறுநீர் நகர். பெயரைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டா. கழிப்பிடத்தைத் துப்புரவு செய்வதே உங்கள் பிறப்பின் தொழில் என்று ஒரு மக்கட்கூட்டத்தின் தலையிற் சுமத்திய நாட்டில் வாழும் நமக்கு அப்பொருள் அருவருப்பன்று, வரலாறு. கிரெக் கோட்டிஸ், மார்க் ஹால்மன் என்னும் இருவர் இயற்றிய இந்நாடகம் 1999 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு சிறு நாடக விழாவில் அரங்கேறியது. 2001 செப்டம்பரில் பிராட்வே மேடையை அடைந்தது. 2002 ஆம் ஆண்டில் சிறந்த கதையுரைக்கும் சிறந்த இசைக்கும் டோனி விருதுகள் பெற்றது. காசில்லாது ஐரோப்பாவிற் சுற்றித் திரிந்தபோது, காசு கொடுத்தாலன்றி நுழையமுடியாத கழிப்பிடங்களைக் கண்டதே கோட்டிஸுக்கு இக்கதை தோன்றக் காரணமாயிற்று.

கதை இதுதான். பெயர் கூறப்படாத ஒரு நகரம். இருபது ஆண்டுகளாகக் கொடிய பஞ்சம், நீர் அருகிவிட்டது. வீட்டில் கழிப்பிடம் வைத்துக்கொள்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. எல்லோரும் ஒரே நிறுவனத்தின் பொதுக் கழிப்பிடத்துக்கே செல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்தவேண்டும். காசின்றி வெளியிற் கழித்தவனைச் சிறுநீர் நகருக்கு நாடு கடத்துவர். அங்குச் சென்றோர் திரும்பியதில்லை. உண்மையில் அப்படியோர் ஊரே இல்லை. குற்றவாளியை உயர்ந்த மாடியிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகின்றனர். கழிப்பிடத்தில் ஊழியஞ்செய்யும் பாபி ஸ்ட்ராங் என்னும் இளைஞனின் தந்தை, ஒருநாள் காசு போதாமல் தெருவிற் கழித்து, இத்தண்டனைக்கு ஆளாகிறார். இளைஞன் கொதித்தெழுகிறான். ஏழைகள் அவன்பின் திரள்கின்றனர். விடுதலைப் பாடல்கள் முழங்குகின்றன. அவனும் மாடியிலிருந்து தள்ளப்பட்டு மாள்கிறான். ஆனால் நிறுவனத் தலைவரின் மகளே அவன் வழியைப் பற்றிக்கொண்டு, தந்தையை வீழ்த்தி, கழிப்பிடங்களை எல்லோர்க்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறாள்.

வேறு நாடகமாயின் இங்கே திரை விழுந்திருக்கும். நாமும் மகிழ்ந்து எழுந்திருப்போம். இந்நாடகமோ மேலும் நடக்கிறது. அளவின்றிச் செலவான நீர் தீர்ந்துபோகிறது. மக்கள் தாகத்தால் மடிகின்றனர். விடுதலை அளித்த மகளும் மக்கள் சினத்துக்கு இரையாகிறாள். மக்கட்பெருக்கம் உணவை விஞ்சிவிடும் என்று 1798 ஆம் ஆண்டில் எழுதிய மால்தஸ் என்னும் ஆங்கிலேயரின் பெயரை வாழ்த்தி நாடகம் முடிகிறது. இவ்வளவும் சிரிப்புக்கிடையே! கதை சொல்லும் காவலனிடம் ஒரு சிறுமி, நீர்ப் பஞ்சம் என்றால் நீரியலும் அதுபோன்ற மற்றவையும் கதையில் வரவேண்டாவா என்று கேட்கிறாள். இசை நாடகத்தில் பல சிறு பொருள்களைவிட ஒரு பெரும்பொருளைப் பற்றிக்கொள்வதே நன்று என்று அவன் அவள் வாயை அடைக்கிறான். தன் கலை எதை மறைக்கிறது என்பதைத் தானே சொல்லிவிடும் இந்நேர்மை பாராட்டத்தக்கது. நாயகன் நல்லவன் என்பதற்காக ஆற்றில் நீர் பெருகிவிடாது என்ற கசப்பையும் அது மறைக்கவில்லை. பார்ப்போர் விரும்பும் வெற்றியைக் கொடுத்துப் பின்னர் அதனையே பறித்துக்கொள்வதால், அழுது ஆறுதல் பெறும் வழியை அடைத்துவிடுகிறது. தாளபுடன் கேட்டிருந்தால் இத்தகைய கூத்தைத்தான் ஆடியிருப்பான் போலும்.

ஆயினும் இந்நாடகத்தை நாம் எளிதில் விழுங்க முடியாது. 1927 மார்ச் 20 ஆம் நாள் மகாடில் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் பருகினர். நீர் கேட்டு எழுந்த மக்களின் வழிவந்தோர் நாம். உரிமை கேட்டு எழுந்த ஏழைகளால் நகரம் அழிந்தது என்று ஒரு நாடகம் நகைத்துச் சொன்னால், அந்நகைப்பு யார் காதுக்கு இனிக்கும்? கட்டணம் வாங்கும் முதலாளியின் காதுக்கன்றோ! 'பார்த்தீர்களா, நாங்கள் விலை வைத்ததனால்தான் நீர் இத்தனை நாள் மிஞ்சியது' என்று அவர் கூறக்கூடும். இப்பேச்சு நாடக மேடையோடு நிற்பதன்று. 2019 ஆம் ஆண்டில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்த கோடையில், காசுள்ளவர் வாசலில் லாரி நின்றது. இல்லாதவர் குடத்தோடு தெருவில் நின்றனர்.

அவ்வாறாயின் அந்நகரத்துக்கு இரண்டே வழிகள்தாமா? ஒன்று, விலை வைத்து ஏழையை வருத்தி நீரைக் காப்பது. மற்றொன்று, அளவின்றித் திறந்து எல்லோரும் அழிவது. நாடகத்தில் முதலாளிக்கும் மகளுக்கும் தோன்றாத மூன்றாம் வழி ஒன்று உண்டு. இருப்பதை அளந்து, ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் பகிர்வதே அது. 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் பாபாசாகேப், சித்தார்த்தர் வீடு துறந்ததற்கு ரோகிணி ஆற்று நீர் வழக்கையே காரணமாகக் காட்டியிருப்பதை நினைவு கூர்வோம். சாக்கியரும் கோலியரும் அவ்வாற்று நீரால் பயிர் செய்தவர்கள். யார் முதலில், எவ்வளவு எடுப்பது என்று பிணக்கு மூண்டது. சேனாபதி போர் வேண்டும் என்றார். சித்தார்த்தரோ இரு தரப்பிலும் இவ்விருவரைத் தெரிந்து, அந்நால்வர் ஐந்தாமவரைத் தெரிந்து, ஐவருமாக வழக்கைத் தீர்க்கட்டும் என்றார். ஆறு சிறிது என்பதை அவர் மறுக்கவில்லை. சிறிது என்பதற்காக வலியவனுக்கே அது உரியது என்பதைத்தான் மறுத்தார். மால்தஸை வாழ்த்தும் நாடகத்துக்கு நாம் கூறத்தக்க விடை இதிலே இருக்கிறது.

இம்மூன்றாம் வழியைப் பாட்டோடு சேர்த்து நடத்திப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2015 முதல் 2017 வரை மூன்றாண்டுகள் மழை பொய்த்தது. அத்தகைய பஞ்சம் நேரும் வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் ஏறத்தாழ மும்மடங்காக்கியது என அறிவியலார் 2018ல் கணித்தனர். குழாய்களை அடைத்துவிடும் நாளுக்குச் 'சுழி நாள்' எனப் பெயரிட்டு, அது 2018 ஏப்ரலில் வரும் என்று நகராட்சி அறிவித்தது. அந்நாள் வந்தால் ஏறத்தாழ 200 நிலையங்களில் வரிசையில் நின்று, ஆளுக்கு 25 லிட்டர் பெறவேண்டும். அதைத் தவிர்க்க, 2018 பிப்ரவரி முதல் செல்வர் ஏழை என்ற வேறுபாடின்றி ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என வரம்பு விதிக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 2017ல், அந்நாட்டுப் பாடகர் பலர் ஒரு வேலை செய்தனர். மக்கள் நன்கறிந்த தங்கள் பாட்டுகளை இரண்டு நிமிட அளவுக்குச் சுருக்கிப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தனர். பாட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கவேண்டும். பாட்டு முடியும்போது குழாயை மூடிவிடவேண்டும். இதற்குப் பின்னே இருந்தது ஒரு நிதி நிறுவனம். தன் பெயர் விளங்கவேண்டும் என்ற ஆசையும் அதற்கு இருந்திருக்கும். இருந்தாலும் இம்முயற்சி நம் மனத்துக்கு உகந்ததாகவே இருக்கிறது. இப்பாட்டுகள் பஞ்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவேண்டியதில்லை. காதலைப் பாடலாம், களிப்பைப் பாடலாம். முடியவேண்டிய இடத்தில் முடிந்துவிடுகின்றன. கேட்பவன் கை தானே குழாய்க்குச் செல்கிறது. தன் பாட்டின் நடுவிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எறிவது பாடகனுக்கு எளிதன்று. நீரைக் குறைக்குமாறு பிறரைக் கேட்குமுன் அவன் தன் பொருளைக் குறைத்துக்கொண்டான். 2015ன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 120 கோடி லிட்டர் அளவு செலவழித்த அந்நகரம், 2018ல் 50 கோடியை ஒட்டி இறங்கி வந்தது. பாட்டால் மட்டும் இறங்கியது என்று யாரும் சொல்லமாட்டார்; கட்டண உயர்வும், அழுத்தக் குறைப்பும், உழவர் விட்டுக்கொடுத்த நீரும் அதிற் பங்கு கொண்டன. சுழி நாள் தள்ளிக்கொண்டே போய், அவ்வாண்டு மழை பெய்யவே, வராமல் நின்றது. அக்டோபரில் வரம்பு 70 லிட்டராயிற்று. டிசம்பரில் 105 ஆயிற்று.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 50 லிட்டர் என்ற சமன் எழுத்தில் சமனே. செல்வர் பலர் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டனர். நகரின் விளிம்பிலுள்ள தகரக் குடிசைப் பகுதிகளிலோ, பல குடும்பங்களுக்கு ஒரு குழாய் என்ற நிலை பஞ்சத்துக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. நகரின் நீரில் அவர்கள் எடுத்தது மிகச் சிறு பங்கு. வாளியோடு வரிசையில் நின்று நீர் பெறும் அந்தச் சுழி நாளை எண்ணி ஊரார் நடுங்கியபோது, அவர்கள் வழக்கம்போலப் பொழுது விடியுமுன் வாளியோடு குழாயடிக்குச் சென்றனர். குளியலறையே இல்லாதவர்க்கு இரண்டு நிமிடப் பாட்டு எதற்கு? நாம் காண விரும்பும் இசை நாடகம் அக்குழாயடியில் தொடங்குவது. அதில் முதலில் பாடுபவள், வரிசையின் கடைசியில் நிற்பவளாக இருக்கவேண்டும்.