பொறி வைப்பது வஞ்சகமா?

செலாயாங்கில் என்னிடம் சதுரங்கம் பயின்ற சிறுவன் ஒருவன், ஏழே நகர்த்தல்களில் எதிராளியை நிலைகுலையச் செய்துவிட்டு வந்து, "ஐயா, இது ஏமாற்று இல்லையா?" என்று கேட்டான். தோற்றவன் கேட்டிருந்தால் தேற்றி அனுப்பியிருப்பேன். கேட்டவன் வென்றவன்.

அவன் கையாண்டது ஆல்பின் எதிர்க்கேம்பிட் என்னும் தொடக்கமுறை. வெள்ளை ஒரு காலாளைத் தூண்டிலாக நீட்டுகிறது. கறுப்பு அதனைத் தொடாமல், தன் காலாள் ஒன்றையே பதிலுக்குப் பலியாக முன்வைக்கிறது. 1893இல் நியூயார்க்கில் அடோல்ஃப் ஆல்பின் இதனை எமானுவேல் லாஸ்கருக்கு எதிராக ஆடித் தோற்றார். ஆயினும் முறைக்கு ஆல்பின் பெயரே நிலைத்தது; அதிலுள்ள பொறிக்கு லாஸ்கரின் பெயர் வாய்த்தது. அப்பொறியில், பேராசையால் மந்திரியை வெட்டும் வெள்ளையின் முன்னே கறுப்புக் காலாள் கடைசி வரிசையை எட்டி, அரசியாகாமல் குதிரையாகிறது! அரசியானால் பயனில்லை; குதிரையானால்தான் அந்த நொடியே அரசனுக்குச் செக்.

கேம்பிட் என்பதன் மூலமான இத்தாலியச் சொல் காலை இடறிவிடுதலைக் குறிப்பது. நம் வழக்கில் காலை வாருதல் என்றாலே துரோகம் அன்றோ? ஆனால் சதுரங்கத்தில் மறைவு என்பதே இல்லை. சீட்டாட்டத்தில் கைக்குள் ஒளிந்த சீட்டு உண்டு. இங்கே முப்பத்திரண்டு காய்களும் இருவர் கண்முன்னும் நிற்கின்றன. வீழ்ந்தவன் தன் அவசரத்தால் வீழ்ந்தான். ஆகவே ஏமாற்று அன்று என்றேன்.

அவ்விடை சரியே, எனினும் எனக்கு நிறைவளிக்கவில்லை. வெள்ளை நான்காம் நகர்த்தலில் அமைதியாகக் குதிரையை வெளியே எடுத்தால் பொறி பொய்த்துவிடும். ஒரு காலாள் குறைவு மட்டுமே கறுப்புக்கு மிஞ்சும். அந்நிலையிலும் ஆடத் துணிபவருக்கே இம்முறை உரியது. அலெக்சாந்தர் மொரோசெவிச் போன்றோர் உயர்நிலைப் போட்டிகளில் இதனை ஆடியது அத்துணிவால்தான். பிறன் பிழையை மட்டுமே நம்பி அமர்ந்தவனுக்கோ பிறன் திறமை பகையாகிறது. அது வஞ்சகமன்று, வஞ்சகத்தின் அண்டைவீடு. ஆட்டத்தைப் பிறகு கற்பிக்கலாம் என்று பொறியை முதலில் கற்பித்தவன் நான்.

அடுத்த வாரம் ஒரு சிறுமி நான்காம் நகர்த்தலில் குதிரையை எடுத்து வைத்தாள். சிறுவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நெடுநேரம் போராடித் தோற்றான். காய்களைப் பெட்டியில் அடுக்கும்போது கேட்டான்:

"அந்தக் காலாளை இழந்தபின், என் யானையை எங்கே வைத்திருக்க வேண்டும், ஐயா?"