இழுக்காத கை



பாஸ்கா காலத்தின் மூன்றாம் வாரச் சனிக்கிழமையான இன்று, திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து தபித்தாவின் வரலாற்றைக் கேட்டோம். யோப்பாவில் அவர் இறந்துவிட்டார். உடலைக் குளிப்பாட்டி மேல்மாடி அறையில் கிடத்தியிருக்கிறார்கள். லித்தாவிலிருந்து பேதுரு வந்து சேர்ந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள் என்று லூக்கா எழுதவில்லை. அழுதபடியே, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த உடைகளை எடுத்துக் காட்டினார்கள் என்று மட்டும் எழுதுகிறார்.

ஒரு துணியைக் கையில் எடுத்ததும் அழுகை வருகிறதென்றால், அது தனக்கென்றே அளவெடுத்துச் செய்ததாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தபித்தா ஒவ்வொருத்தியின் தோளையும் இடுப்பையும் அறிந்திருந்தார்.

அவர் காலுறை பின்னினாரா என்பதற்கு விவிலியத்தில் குறிப்பில்லை. ஆனால் அவருக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு எகிப்தில் பின்னிய கம்பளிக் காலுறைகள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெருவிரலுக்கு ஒரு பை, மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரு பை. செருப்பு வார் நடுவில் போக வேண்டுமல்லவா, அதற்காக. யாரோ ஒருவர் இன்னொருவரின் விரலிடுக்கைக்கூட நினைவில் வைத்துப் பின்னியிருக்கிறார்.

காலுறையைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. நம் பங்கின் அன்னையராகிய நீங்கள், மார்கழியில் இந்த நீலகிரி மலையில் உறைபனி விழுவதற்கு முன்பாக, முதியோர் இல்லத்துப் பெரியவர்களுக்குக் காலுறை பின்னித் தர முன்வந்திருக்கிறீர்கள். கடையில் வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வாங்கலாம். காலுறை பின்னும் இயந்திரம் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1589-இல் இங்கிலாந்தின் கால்வெர்ட்டன் என்ற சிற்றூரில் அதை முதலில் செய்த வில்லியம் லீ ஒரு குருவானவர் என்றே சொல்வார்கள். இயந்திரம் எல்லாக் கால்களுக்கும் பொதுவான ஓர் அளவில் பின்னும். வீங்கிய கால், விரல் கோணிய கால், ஒரு விரலை இழந்த கால் அந்த அளவுக்குள் அடங்குவதில்லை.

கம்பளி சிலருக்கு அரிக்கிறது என்பதால் பருத்தி நூல் கேட்டிருந்தீர்கள். வெறும் பருத்திக்கு நீண்டு சுருங்கும் குணம் குறைவு. மாலைக்குள் தொளதொளத்துக் கணுக்காலில் இறங்கிவிடும். ஆகவே நூற்றுக்கு இரண்டு பங்கு போல எலாஸ்டிக் சேர்ந்த பருத்தி நூலை வரவழைத்தோம். இன்று துணிகளில் பரவலாகச் சேர்க்கும் ஸ்பான்டெக்ஸ் இழையை 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். ஐந்து மடங்கு நீட்டினாலும், விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிடும். நூற்றில் இரண்டு பங்கு போதும், முழு நூலுக்கும் அந்தக் குணம் வந்துவிடுகிறது.

இந்த நூலில் பின்னுவதற்குத்தான் பொறுமை வேண்டும். நூல் நீள்கிறதே என்று கை தன்னை அறியாமல் இழுக்கும். ஊசியில் இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். கண்ணிகளை ஊசியிலிருந்து இறக்கியதும் துணி சுருங்கி, பெரியவருக்குப் பின்னிய காலுறை பிள்ளைக் காலுறையாகிவிடும். அதனால் பழகியவர்கள், நூற்கண்டிலிருந்து நாலைந்து முழத்தை முன்னதாகவே உருவி மடியில் தளர்வாகக் கிடக்க விடுகிறார்கள். அது தன் இயல்புக்குத் திரும்பிய பிறகே பின்னுகிறார்கள். மாதிரிக்குப் பின்னிய சதுரத்தையும் சற்று நேரம் சும்மா போட்டுவைத்துவிட்டுத்தான் அளக்கிறார்கள்; அளவுகோலுக்கு எட்டவில்லை என்று இழுத்துப் பிடிப்பதில்லை. பாதத்தின் சுற்றளவு 22 செ.மீ. என்றால் காலுறையை 20 செ.மீ. சுற்றளவில் பின்ன வேண்டும். மீதி இரண்டு செ.மீ. அந்தக் கால் உள்ளே நுழையும்போது நூல் விட்டுக்கொடுக்க வேண்டியது. அந்த நெகிழ்வு போட்டுக்கொள்கிறவருக்குச் சொந்தம். பின்னுகிற கை அதை முன்கூட்டியே செலவழித்துவிடக் கூடாது.

இதை நம் வீடுகளுக்குள் வைத்துப் பார்க்கிறேன். படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ தகப்பனாரையோ ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, இரவில் எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்தான். எதிலும் குறை இருக்காது. ஆனால் இன்னொரு வாய் தண்ணீர் கேட்கக்கூட அந்தப் பெரியவருக்குப் பயமாக இருக்கிறது. பார்த்துக்கொள்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அந்த அளவுக்கு இழுத்துவைத்திருப்பது மற்ற நாம்தான். அண்ணன் தம்பிமார்களே, அக்கா தங்கைமார்களே, பணம் அனுப்பிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு இரவாவது நீங்கள் போய்ப் படுங்கள். அவர் தூங்கட்டும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளையும் நினைக்கிறேன். வாழ்க்கை அந்தப் பிள்ளையிடம் இனிமேல்தான் வந்து நிற்கப்போகிறது. நோய், இழப்பு, ஏமாற்றம் எல்லாம் வரும்போது தாங்குவதற்கென்று ஆண்டவர் வைத்த பலத்தை, பதினேழு வயதுக்குள் மதிப்பெண்ணுக்காக நாமே இழுத்துத் தீர்த்துவிடுகிறோம்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் என்ன செய்கிறார்? தம் உடலை உண்ணக் கொடுப்பதாகச் சொன்ன சொல் கடினமாக இருக்கிறதென்று சீடர் பலர் விலகிப் போகிறார்கள். அவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. போகிறவர்களின் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். வேறு யாரிடம் போவோம் என்கிறார் பேதுரு. அதே பேதுரு பின்னொரு நாள் அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னபோதும், திரும்பி வர அவருக்கு இடம் இருந்தது.

அந்தப் பேதுருதான் யோப்பாவின் மாடி அறையில் நிற்கிறார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு முழந்தாள்படியிட்டு வேண்டுகிறார். பிறகு தபித்தாவை எழுந்திருக்கச் சொல்கிறார். அவர் கண் திறக்கிறார், பேதுருவைப் பார்க்கிறார், தாமாகவே எழுந்து உட்காருகிறார். அதன் பிறகுதான் பேதுரு கை கொடுத்து அவரை எழுந்து நிற்கச் செய்கிறார். லூக்கா சொல்லும் இந்த வரிசையைக் கவனியுங்கள். இறந்தவரையே எழுப்ப வந்தவருக்கும் இழுத்துத் தூக்கும் அவசரம் இல்லை.

பின்னப் போகிற அன்னையருக்கு இன்னும் சில சொற்கள். இல்லத்தில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். காலுறை இறுக்கினாலும் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே மேல்விளிம்பின் முதல் வரிசைக் கண்ணிகளை மிகத் தளர்வாகப் போடுங்கள். விரல் முனையை மூடும்போது உள்ளே தடிப்பு வராதபடி கண்ணியோடு கண்ணியைத் தையலூசியால் கோத்து முடியுங்கள். துவைக்கும்போது கொதிநீர் வேண்டாமென்று இல்லத்துச் சகோதரிகளிடம் சொல்லிவையுங்கள். சூட்டில் எலாஸ்டிக் செத்துவிடும். வரும் புதன்கிழமை அளவெடுக்கப் போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். காலையில் எடுத்த அளவு மாலையில் வீங்கும் காலுக்குப் போதாது. இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் எதிரே அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.