சீருடையும் அரசியல் பேச்சும்

நாட்டுக்காக உயிரையும் கொடுக்க ஒப்புக்கொண்டவர், அந்த நாட்டை யார் ஆள வேண்டும் என்று மேடையேறிப் பேசக் கூடாது. பல ஜனநாயக நாடுகள் தம் படையினருக்கு விதித்திருக்கும் கட்டுப்பாடு இது. இந்தியாவில் இதன் வேர் அரசியலமைப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. படையினருக்கு அடிப்படை உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நாடாளுமன்றமே வரையறுக்கலாம் என்கிறது அது. அதையொட்டி வந்த 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளும் கட்சிக் கூட்டங்களில் கலந்துகொள்வதையும், அனுமதி பெறாமல் அரசியல் விஷயங்களைப் பத்திரிகைக்கு எழுதுவதையும் தடுக்கின்றன. வாக்குரிமைக்குத் தடையில்லை, எல்லைக் காவலில் நிற்கும் சிப்பாய் தபால் வாக்கு அளிக்கலாம். அவருக்கென்று அரசியல் கருத்து இருப்பதைச் சட்டம் ஏற்கிறது. அதை ஊரறியச் சொல்வதைத்தான் மறுக்கிறது.

இந்த மறுப்புக்கு என்ன நியாயம்? ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட், அறிவொளி என்றால் என்ன என்பதை விளக்கி 1784இல் எழுதிய கட்டுரையில் ஒரு விடை இருக்கிறது. கட்டளை பெற்ற அதிகாரி பணியில் இருக்கும்போது அதன் நன்மை தீமையை வாதிட்டுக்கொண்டிருந்தால் படை நடக்காது. அங்கே கீழ்ப்படிவதே கடமை. அதே அதிகாரி, கற்றறிந்த ஒருவராக, படைத்துறையின் குறைகளை வாசகர்முன் எழுதி வைப்பதை யாரும் தடுக்கக் கூடாது. மதகுருவுக்கும் இதே வழிதான். பிரசங்க மேடையில் திருச்சபையின் போதனையைச் சொல்ல வேண்டியவர், நூல் எழுதும்போது அந்தப் போதனையையே கேள்வி கேட்கலாம். பதவியின் குரல் வேறு, மனிதனின் குரல் வேறு என்பது கான்ட் வகுத்த கோடு.

அழகான கோடுதான். ஆனால் பாசறையில் அது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் மருத்துவராக இருந்த கேப்டன் ஹோவர்ட் லெவி, சிறப்புப் படையினருக்கு மருத்துவப் பயிற்சி தர மறுத்தார். கறுப்பினச் சிப்பாய்கள் அந்தப் போருக்குப் போக மறுக்க வேண்டும் என்று சிப்பாய்களிடமே சொன்னார். 1967இல் ராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராணுவம் பொதுச் சமூகத்திலிருந்து விலகி நிற்கும் தனிச் சமூகம் என்று கூறி அத்தண்டனையை உறுதிசெய்தது. லெவி தம் மனச்சாட்சியைத்தான் பேசினார். கேட்டவர்களோ அவர் தோளில் இருந்த பதவிச் சின்னத்தையும் சேர்த்தே கேட்டார்கள். பதவியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவது சீருடைக்காரருக்கு எளிதல்ல.

தாமாக விரும்பிச் சேர்ந்தவர் விதிகளுக்கும் சம்மதித்தவரே என்ற வாதம் அடிக்கடி சொல்லப்படுகிறது. இதில் பெரிய வலு இல்லை. கட்டாய ராணுவச் சேவை உள்ள நாட்டில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நெதர்லாந்தில் அப்படிச் சேர்க்கப்பட்ட வீரர்கள் தங்கள் சங்க இதழில் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவ்வழக்கில் 1976இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கருத்துரிமை படையினருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஒழுங்கைக் காக்க வேண்டும் என்பதைக் காட்டித் தண்டனையை ஏற்றது. அங்கே சம்மதம் அடிப்படையாக இருக்கவே முடியாது.

உண்மையான அடிப்படை ஆயுதம். மற்றக் குடிமக்கள் சொல்லும் கருத்துக்குப் பின்னால் வாக்கு மட்டுமே இருக்கிறது. படைத்தளபதி சொல்லும் கருத்துக்குப் பின்னால் டாங்கிகள் நிற்கின்றன. பாகிஸ்தானில் 1958, 1977, 1999 ஆகிய ஆண்டுகளில் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்த வேறுபாடு என்னவென்று மக்களுக்குத் தெரிந்தது. ஆயுதம் ஏந்தியவர் அரசியல் விவாதத்தில் இறங்கினால் எதிர்த்தரப்பு பயமின்றிப் பதில் சொல்ல முடியாது. பயம் கலந்த இடத்தில் விவாதம் இல்லை. ஆகவே சிப்பாயின் மௌனம் பிறருடைய பேச்சுரிமைக்கும் காவல்.

இதை ஏற்றால் தடையின் எல்லையும் அதிலேயே அடங்கிவிடுகிறது: ஆயுதத்தின் அதிகாரம் எட்டாத இடத்துக்குத் தடையும் போகக் கூடாது. 1975இல் இந்திய உச்ச நீதிமன்றம், ராணுவ நிலையங்களில் வேலை செய்யும் சமையல்காரர், காவலாளி, முடிதிருத்துபவர், தையல்காரர் போன்றோரும் 33ஆவது பிரிவுக்குள் வருகிறார்கள் என்று கூறி, அவர்கள் தொழிற்சங்கம் அமைப்பதற்கான தடையை ஏற்றது. கத்தரிக்கோல் பிடிப்பவரின் சங்கத்தைக் கண்டு எந்த அரசும் அஞ்ச வேண்டியதில்லை. தத்துவ நோக்கில் அத்தீர்ப்பு தன் காரணத்தை மீறிச் சென்றது. 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் அதே நீதிமன்றம், படையில் சேர்வதால் ஒருவர் குடிமகனாக இல்லாமல் போய்விடுவதில்லை என்று நினைவூட்டியது நிறைவளிக்கிறது.

மனச்சாட்சிக்கும் இங்கே தனி இடம் தேவை. கட்சி அரசியல் பேசுவது வேறு, சட்டவிரோதக் கட்டளையை மறுப்பது வேறு. மேலதிகாரியின் உத்தரவு என்பது மட்டும் போர்க்குற்றத்திலிருந்து ஒருவரை விடுவிக்காது என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பர்க் விசாரணை நிலைநாட்டியது. நிராயுதபாணிகளைச் சுடச் சொன்னால் மறுக்கும் கடமை, எந்த மௌன விதியாலும் மறைந்துவிடுவதில்லை.

படையினரை மௌனமாக இருக்கச் சொல்லும் சமூகத்துக்கும் ஒரு கடன் உண்டு: பேச முடியாதவரின் பெயரால் வேறு எவரும் பேசக் கூடாது. பதில் சொல்லும் உரிமை இல்லாத ஒருவரின் முகத்தைக் கட்சிச் சுவரொட்டியில் அச்சிடுவது, அவர் கொடுக்காத ஆதரவை அவரிடமிருந்து பறிப்பதாகும். பிரசாரத்தில் படையினரின் படங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013 டிசம்பரில் கட்சிகளுக்கு அறிவுறுத்திய இந்தியத் தேர்தல் ஆணையம், பாகிஸ்தானின் பாலகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலுக்குப் பின் 2019 மார்ச்சில் அதை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது.