மௌத்தானவனுக்குரிய சாட்சியம்

மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். இறந்தவர்களை ஏசுவதைத் தடுக்கும் நபிமொழி, ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் இருக்கிறது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் நல்லது என்றால் எந்த நல்லது? அவனிடம் இருந்த நல்லதா, நமக்குப் பிடித்த நல்லதா? பெரும்பாலான நினைவுக் கூட்டங்களில் இந்த இரண்டும் ஒன்றாகவே குழைத்துப் பேசப்படுகின்றன. கேட்டுக்கொண்டிருப்பவர்களும் தலையசைத்துவிட்டுத் தேநீர் குடித்து எழும்பிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்ச் சைக்கிளோட்ட அணியில் பதினாறு வருடங்கள் ஓடிய ஒருவன், சென்ற வருடம் ஒருநாள் சுபஹுக்குப் பின் மாரடைப்பால் வஃபாத்தானான். வயது நாற்பத்தொன்று. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. முதல் நாள் அஸருக்குப் பிறகு எங்களோடு இருபது மைல் ஓடிவிட்டு, பகிடி சொல்லிவிட்டுப் போனவன். பெயரை இங்கே எழுதவில்லை. ஊராருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையும் இல்லை. நினைவுக் கூட்டத்துக்காக இளைஞர்கள் கட்டிய பதாகையில் 'சைக்கிளோட்ட சம்பியன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவன் ஒருபோதும் சம்பியனாக இருந்ததில்லை. பதினாறு வருடப் பெறுபேறுகளும் அணியின் கொப்பியில் இருக்கின்றன. அவன் எடுத்த ஆகக்கூடிய இடம் ஆறாமிடம்.

சைக்கிளோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்காது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமதரையில் வேகமாக ஓடுகிறவனுக்கு முதல் எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளுவதற்கு வேண்டிய வலு எட்டு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றரில் சும்மா போகிறவன் 40இல் மூச்சு வாங்குவது இதனால்தான். ஆனால் முன்னால் ஒருவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், ஒரு முழ இடைவெளியில் பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சம். அந்த மிச்சந்தான் கடைசி அரை மைலில் வெற்றியாக மாறுகிறது. ஆகவே ஐந்து பேர் கொண்ட அணியில் ஒருவன் வெல்ல வேண்டுமானால், வேறொருவன் வெல்லாமல் இருக்கச் சம்மதிக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில் போகும் வீதியில் கச்சான் காலத்தில் ஓடியவர்களுக்குத் தெரியும். மேற்கே வயல்வெளியிலிருந்து அனல்போல் வரும் காற்று, தெற்கே போகும்போது வலது கன்னத்தில் அறையும். அவன் வீதியின் நடுப்பக்கம் போவான். நாங்கள் அவனுக்கு இடப்புறமாக, கடற்பக்கம் சரிந்து சரிந்து ஒளிந்து வருவோம். கடைசி இரண்டு மைலில் முழங்கையைச் சற்றே ஆட்டுவான். இனி உங்கள் பாடு என்று அர்த்தம். ஒதுங்கிவிடுவான். பிறகு கூட்டமெல்லாம் வந்து சேர்ந்து, கைதட்டல் ஓய்ந்த பின்னர் பதினோராவதாகவோ பதினைந்தாவதாகவோ வருவான்.

பதாகையைப் பற்றி நான் கேட்டபோது ஓர் இளைஞன் சொன்னான்: "என்ன குத்தம் சேர்? மௌத்தான ஆளுக்குக் கணக்கா பாக்கிற?"

அவன் கேட்டதில் அன்பு இருந்தது. ஆனாலும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஜனாஸா கடந்து போனபோது மக்கள் அதைப் புகழ்ந்ததையும், இன்னொன்று போனபோது இகழ்ந்ததையும், இரண்டுக்கும் அது உறுதியாகிவிட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதையும் அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் நீங்கள் என்பது அதற்கு அவர்கள் தந்த விளக்கம். இந்தச் செய்தியை நமது மேடைகளில் ஆறுதலாக மட்டுமே எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாரமும் தெரிகிறது. சாட்சி சொல்பவன் கண்டதையல்லவா சொல்ல வேண்டும்? இதன் மறுபக்கமாக இன்னொரு சம்பவமும் புகாரியில் உண்டு. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) வஃபாத்தானபோது, அவருக்கு இடம் கொடுத்திருந்த வீட்டைச் சேர்ந்த உம்முல் அலா (ரழி), அல்லாஹ் அவரைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று சாட்சி சொன்னார். அது உமக்கு எப்படித் தெரியும் என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆக, கண்டதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. காணாததைச் சொல்ல இல்லை. எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த வரம்பு நகராது.

சம்பியன் என்ற சொல் அவனுக்கு இல்லாத ஒன்றைக் கொடுக்கிறது. அதைவிடக் கவலையான விஷயம், அவனிடம் இருந்ததைப் பறித்தும் விடுகிறது. சம்பியன்களின் வரிசையில் நிறுத்தினால் அவன் கடைசி ஆள். காற்றைப் பிளந்தவர்களின் வரிசையில் எங்கள் பகுதியில் அவனுக்கு முன்னால் நிறுத்த ஒருவரும் இல்லை.

சைக்கிளோட்டத்தின் பெரிய மைதானங்களிலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 1967 ஜூலை 13ஆந் திகதி பிரான்ஸ் சுற்றோட்டத்தில் மொன் வான்ரூ மலையில் பிரித்தானிய வீரர் டொம் சிம்சன் விழுந்து இறந்தார். மறுநாள் மற்ற வீரர்கள் அவருடைய அணியைச் சேர்ந்த ஒருவருக்கு வெற்றியை விட்டுக்கொடுத்தார்கள். பரி ஹோபன் வென்றார். நெருங்கிய நண்பரான வின் டென்சனுக்குத்தான் அது போயிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் மனத்தாங்கல் எழுந்தது. மரியாதைக்காகக் கொடுத்த வெற்றிக்கும் உரிமைச் சண்டை வந்துவிட்டது. சிம்சனின் உடலில் ஊக்கமருந்து இருந்ததும் பரிசோதனையில் தெரிந்தது, அது மறைக்கப்படவில்லை. ஆனாலும் அந்த மலையில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஏறுகிறவர்கள் இறங்கி நின்று, தண்ணீர்ப் போத்தலோ தொப்பியோ வைத்துவிட்டுப் போகிறார்கள். உண்மை தெரிந்ததால் பிரியம் குறைந்துபோகவில்லை.

1995இல் இத்தாலியரான ஃபாபியோ கஸார்தெல்லி அதே சுற்றோட்டத்தில் மலையிறக்கத்தில் விழுந்து இறந்தார். ஒலிம்பிக் வீதியோட்டம் தொழில்முறை வீரர்களுக்குத் திறக்கப்படுவதற்கு முன்னர், 1992 பார்ஸிலோனாவில் அமெச்சூர் வீரராகத் தங்கம் வென்றவர் அவர். மறுநாள் யாரும் போட்டியிடவில்லை. நாள் முழுவதும் மெதுவாக ஓடி, முடிவுக்கோட்டில் அவருடைய அணித் தோழர்களை முன்னே போகவிட்டார்கள். 2011இல் இத்தாலியச் சுற்றோட்டத்தில் பெல்ஜிய வீரர் வவுட்டர் வெய்லன்ட் இறந்தபோது அடுத்த நாள் ஓட்டத்துக்கு வெற்றியாளரே இல்லை. அணிகள் முறைவைத்து முன்னால் நின்று காற்றை வாங்கின. கடைசியில் அவருடைய அணியும், வேறு அணியிலிருந்த அவருடைய நண்பர் டைலர் ஃபாராரும் வரிசையாகக் கோட்டைக் கடந்தார்கள்.

மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி. அன்று அவர்கள் மௌத்தானவருக்கு ஒரு வெற்றியைக் கட்டிவிடவில்லை. முறைவைத்துக் காற்றில் முன்னுக்குப் போவது இந்த ஓட்டத்தில் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி. அந்த உதவியையே மரியாதையாகவும் செய்தார்கள்.

சம்பியன் என்ற பொய்யை எடுத்துவிட்டுத் தியாகி என்ற பொய்யை வைத்துவிடவும் கூடாது. அந்தச் சொல் கூட்டத்தில் பல தடவை வந்தது. அதிகம் சொன்னவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து பரிசு எடுத்தவர்கள். தியாகி என்றால் கணக்கு முடிந்துவிடுகிறது, கடன் இல்லையென்றாகிவிடுகிறது. காசுப் பரிசை ஐந்தாகப் பிரிப்பது எங்கள் வழமை. ஒரு முறை முதற்பரிசு ஒரு புதிய சைக்கிள். அதைப் பிரிக்க முடியவில்லை, வென்றவர் கொண்டுபோனார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தன் பழைய லுமாலாவில் ஏறி வீட்டுக்குப் போனான். அந்த மௌனத்துக்குத் தியாகம் என்று பெயர் வைப்பது எங்களுக்கு வசதியாக இருக்கும். சாட்சிக்கூண்டில் நின்று அதைச் சொல்ல என்னால் இயலாது. பின்னால் சோம்பேறியாக வருகிறவனை அவன் வாயில் வந்தபடி ஏசுவான். தன் பம்பை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டான். ஓட்டம் முடிந்தால் இரண்டு பேருக்குரிய புரியாணி வேண்டும். முன்னால் போவதில் அவனுக்கு ஒரு திமிரும் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த மனிதன் இவன்தான்.

இந்த விஷயம் எனக்கு வெறும் வாதமாக இல்லாமல் போனதற்குக் காரணம் அவனுடைய மகன். ஐந்தாம் ஆண்டில் என்னிடம் படிக்கிறான். பதாகையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "சேர், எங்கட வாப்பா எத்தின தரம் பெஸ்ட் வந்த?"

"ஒரு தரமும் இல்ல மகன். நம்மட டீம் ஆறு தரம் வந்த. ஆறு தரமும் உங்கட வாப்பாதான் முன்னுக்குப் போன."

"முன்னுக்குப் போனா ஏன் பெஸ்ட் வரல்ல?"

கரும்பலகையில் விளக்கக்கூடிய கேள்வியல்ல. பள்ளி விட்ட பிறகு வயல்வீதியில் கச்சானுக்கு எதிரே நான் முன்னால் போக, அவனை அவனுடைய சின்னச் சைக்கிளில் பின்னால் ஒட்டி வரச் சொன்னேன். பிறகு விலகிக்கொண்டேன். பத்து யார் போவதற்குள் அவனுடைய சைக்கிள் தள்ளாடி நின்றுவிட்டது. இறங்கி நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாப்பா ஆறு தரமும் பெஸ்ட் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவன் சிரித்திருப்பான். பெரியவனானதும் அணியின் கொப்பியை ஒருநாள் புரட்டுவான். அப்போது வாப்பாவையும் நம்பமாட்டான், என்னையும் நம்பமாட்டான்.

கணவனை இழந்தவளைத் தவிர வேறெவரும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் அனுஷ்டிக்க மார்க்கம் இடம் தரவில்லை. நான்காம் நாள் ஆலை திறந்தது, பள்ளிக்கூடம் நடந்தது. அதன் பின்னர் அவனுக்காகச் செய்யக்கூடியது என்ன என்ற பேச்சு வந்தபோது, கிண்ணம் வைத்து அவன் பெயரில் ஓட்டம் நடத்தலாம் என்றார்கள் சிலர். திடீரென மௌத்தான தாய்க்காகத் தருமம் செய்தால் அவருக்கு நன்மை உண்டா என்று ஒருவர் கேட்டதும், நபியவர்கள் ஆம் என்றதும் நம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. திடீர் மரணத்தைக் குறித்தே கேட்கப்பட்ட கேள்வி அது. இதைச் சொன்னபோது கிண்ணப் பேச்சு அடங்கிவிட்டது. சேர்ந்த காசில், வட்டைப் பக்கமிருந்து நான்கு மைல் சைக்கிளில் பள்ளிக்கு வரும் பதினொரு பிள்ளைகளுக்கு ரயர், ரியூப் மாற்றிக் கொடுத்தோம். அவன் பெயரை எங்கும் போடவில்லை. அதில் இளைஞர்களுக்கு இன்னும் மனக்குறைதான். பதாகையையும் அவர்கள் கழற்றவில்லை.

வருகிற சித்திரைப் புத்தாண்டு ஓட்டத்துக்கு ஐந்தாவது ஆளைச் சேர்ப்பதா, நான்கு பேராகவே ஓடுவதா என்பது இன்னும் தீரவில்லை. இடத்தை வெறுமையாக விடுவதுதான் மரியாதை என்கிறார்கள் சிலர். நான் சேர்க்க வேண்டும் என்ற பக்கம். முன்னுக்குப் போக ஓர் ஆள் வேண்டும்.