பின்னால் போன காது

ராணியின் இடது காது ஒரு நொடி பின்னால் போய்ப் பிடரியோடு படிந்தது. பிறகு எழுந்து பழையபடி நின்றது. நடந்தது அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்தக் காது என்னைத் தூங்கவிடவில்லை.

ராணி ரேஸில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை. காப்பிக்கொட்டை நிறம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவாரிப் பள்ளியில், சனிக்கிழமை காலைகளில், உடல் ஒத்துழைக்காத பிள்ளைகளைச் சுமந்து நடப்பது அதன் வேலை. என் தம்பி மகளின் பிள்ளைக்கு ஆறு வயது, செரிப்ரல் பால்ஸி. தொடைகள் இரண்டும் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். சரிவு மேடையில் தூக்கிக்கொண்டு போய், சேணத்துக்குப் பதில் தடித்த மெத்தை கட்டிய முதுகில் உட்கார வைப்பார்கள். முன்னால் கயிறு பிடிக்க ஒருவர், பக்கத்துக்கு ஒருவர். அரை மணி நேரம்.

அன்று அவன் சந்தோஷத்தில் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வீலென்று கத்தினான். அவன் சிரிப்பு அப்படித்தான் வரும். ராணி அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். “பாத்தீங்களா பெரியப்பா, ராணிக்கு இவன்னா உயிர்” என்றாள் தம்பி மகள். கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன். நான் பார்த்தது காதை.

சிகிச்சையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாக, பக்கவாட்டில், மேல்கீழாக அசைகிறது. நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். நடக்கவே நடக்காத பிள்ளையின் இடுப்புக்கு, நடை என்றால் என்னவென்று குதிரை சொல்லித் தருகிறது. அதன் உடம்புச் சூடு நம்மைவிட ஒரு டிகிரி போலக் கூடுதல். இறுகிய தொடைக்கு அதுவே ஒத்தடம். இறங்கும்போது அவன் கால்கள் பிரிந்திருந்ததை நானே பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டும் காதிலேயே நிற்பது நன்றிகெட்டதனமாகக்கூட இருக்கலாம்.

ஆனால் எனக்கு அந்த அசைவு தெரியும். அதை மனிதர்களிடம் பார்த்தே வளர்ந்தவன் நான்.

இரண்டு வயதில் போலியோ. வலது கால் போனது. கும்பகோணத்தில் அப்போது ஜட்கா ஓடிக்கொண்டிருந்த காலம். மாதக் கணக்கு பேசி அப்பா ஜட்கா ஓட்டும் பாய் ஒருவரை அமர்த்தியிருந்தார். காலையில் அவர் வந்து என்னை இடுப்பில் தூக்கி வண்டிக்குள், புல்லுக்கு மேல் விரித்த கோணியில் உட்கார வைப்பார். சந்து திருப்பத்தில் சாட்டைக் குச்சியைச் சக்கரத்து ஆரக்காலில் கொடுப்பார். கடகடவென்ற அந்தச் சத்தம்தான் ஹாரன். வண்டிக்கு அடியில் தொங்கும் சாக்கிலிருந்து ஈரப் புல் மணக்கும். ஐந்து வருஷம் அந்தக் குதிரை என்னைப் பள்ளிக்கூடம் சேர்த்தது. அதன் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது பாயின் முதுகு, அதற்கப்பால் வாரிழுத்த இரண்டு தொடைகள், ஒரு வால். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு இழுப்பவனின் முகம் தெரியாது. வண்டியின் அமைப்பே அப்படி. குதிரைக்கும் கண்பட்டை கட்டியிருந்தார்கள், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அது பார்த்துவிடாமல்.

அது கனைத்ததாகக்கூட ஞாபகமில்லை. வாரத்துக்கு ஒருநாள் அம்மா ஊறவைத்த கொள்ளு கொடுத்து அனுப்புவாள். அதில் பாதி குதிரைக்குப் போனதா என்பதும் சந்தேகம்தான். பாய் வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

குதிரையின் முகம் பார்க்காதவன் மனிதர்களின் முகத்தில் மட்டும் பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். எழும்பூரில் ரயில் ஏற யாராவது கை நீட்டுவார்கள். கை வருவதற்கு முன் ஒரு சிறிய அசைவு வரும்: கைக்கடிகாரத்துக்கு ஒரு பார்வை, தாடையில் ஒரு இறுக்கம். பிறகுதான் கையும் சிரிப்பும். அவர்கள் நல்லவர்கள், சந்தேகமில்லை. நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், நான் தண்ணீர் கேட்டதும் எழுவதற்கு முன், கையிலிருந்த டபராவைக் கீழே வைப்பாள். வைக்கும் சத்தம் ஒரு இம்மி கூடுதலாகக் கேட்கும். அவளுக்கே அது தெரியாது. நான் சொன்னதும் இல்லை. சொல்லாமல் சில நாள் தாகத்தோடு இருந்திருக்கிறேன்.

எப்போதோ படித்து மறந்த கதை ஒன்றை இந்த வாரம் தேடிப் பிடித்துப் படித்தேன். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் அறிஞர் குழு வந்து பார்த்தது. மோசடி எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியல்காரர் பொறுமையாக ஆராய்ந்து, 1907-இல் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் துளி நிமிர்கிறது. அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்திவிடுகிறது. ரகசியம் தெரிந்த பிறகும் ஃபங்ஸ்டாலேயே தன் தலையை முழுக்க அடக்க முடியவில்லையாம்.

குதிரைக்குக் கணக்கு வராது என்று எல்லோரும் கதையை அங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு முடி அளவு தலையசைவைப் படிக்கத் தெரிந்த பிராணி அது. அறுபது வருஷமாக நானும் அந்த உத்தியோகம்தான் பார்க்கிறேன். எதிராளியின் தாடை அசைந்தால் தட்டுவதை நிறுத்திவிடுவது. அப்படியானால் தன் முதுகில் இருக்கும் பிள்ளையை, அதன் பயத்தை, இறுக்கத்தை, ராணி எவ்வளவு படித்திருக்கும்! நாம் அதைப் படிக்கிறோமா என்றால், கைதட்டுகிறோம்.

படிக்க முயன்றவர்களும் உண்டு. குதிரை முகத்தில் வலியைக் கண்டுபிடிக்க ஆறு குறிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை 2014-இல் வெளியிட்டார்கள். விறைத்துப் பின்னால் போன காது அதில் ஒன்று. சிகிச்சைக் குதிரைகளின் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளந்து மன அழுத்தத்தைக் கணக்கிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு குறைவாக வந்தால் நிம்மதி என்று எழுதலாம். அடங்கிப் பழகிவிட்ட உடம்பும் அப்படிக் காட்டாதா என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. குதிரை வேட்டையாடப்படும் இனம்; வலியை வெளியே காட்டினால் புலிக்குச் சேதி சொன்ன மாதிரி.

டென்மார்க்கின் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்ட்டலை நினைத்துக்கொள்கிறேன். 1944-இல் போலியோ. முழங்காலுக்குக் கீழே உயிரில்லை. குதிரையில் ஏற்றிவிடவே ஆள் வேண்டும். அந்த நிலையில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெண்கள் ஆண்களோடு மோத முதன்முதலாக அனுமதித்த டிரஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளி. 1956-இல் மறுபடி வெள்ளி. குதிரைச் சிகிச்சை ஐரோப்பாவில் பரவ அவரும் ஒரு காரணம். இளவயதில் அவர் கதையைப் படித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். இப்போது அந்தக் குதிரை ஜூபிலியின் காதைப் பற்றி யோசிக்கிறேன். வயதாகிறது, வேறென்ன.

என் குழப்பம் இதுதான். டபராவை அழுத்தி வைத்த பிறகும் என் மனைவி எழுந்து வந்தாள். எழாமல் இருந்திருக்கலாம், வந்தாள். அந்தச் சத்தம் இல்லாத தண்ணீரைவிட, சத்தத்தைத் தாண்டி வந்த தண்ணீர்தான் அன்போ என்று சில சமயம் தோன்றும். ராணிக்கு வராமலிருக்க வழியில்லை. ஆனால் உதறியிருக்கலாமே? நானூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த உடம்பு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் எம்மாத்திரம்? உதறாததைச் சம்மதம் என்று வைத்துக்கொள்ளலாமா? என் சௌகரியத்துக்காக அப்படி வைத்துக்கொள்கிறேனா?

போன சனிக்கிழமை குதிரைக்காரரிடம் கேட்டே விட்டேன். குளம்பைத் தூக்கி மண் நோண்டிக்கொண்டிருந்தார்.

“காதா? ஈ உக்காந்திருக்கும் சார்.”

“இல்லீங்க, அவன் முடியைப் பிடிச்சு இழுத்தப்போ.”

நிமிர்ந்து பார்த்தார். “வலிச்சுதோ என்னவோ. இல்ல, பின்னாடி எதுனா சத்தம் கேட்டிருக்கும். அதுக்குக் காது சுத்திக்கிட்டே இருக்கும் சார்.”

சொல்லிவிட்டு அடுத்த குளம்புக்குப் போனார். நான் திரும்பி நடந்தேன். என் ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் இரும்பு சிமெண்டில் டக்கென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ராணியின் இடது காது என் பக்கம் வளைந்திருந்தது. இன்னொரு அடி வைத்தேன். இன்னும் கொஞ்சம் வளைந்தது.

திரும்புவது வேறு, படிவது வேறு. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் நின்றது அதன் பின்பக்கம், பதினைந்து அடி தள்ளி, எதிர்வெயிலில். நீண்ட நேரம் நின்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கோலை மாற்றி ஊன்றுவது என் பழக்கம். அவன் கத்திய அந்த நொடியில் ஊன்றினேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

நேற்று மருந்துக் கடையில் புது ரப்பர் வாங்கி மாட்டியிருக்கிறேன். சனிக்கிழமை முன்பக்கமாகப் போய் நிற்க வேண்டும்.